நித்தியம் அங்கிளின் தயிர் வாதம்

கொழும்பில் ஓயாமல் சத்தம் போடுவது இரண்டே இரண்டுதான். ஒன்று வெள்ளவத்தைக் கடல், மற்றது எங்கள் ஃபிளாட்டின் நித்தியம் அங்கிள். கடலாவது சில நாள் அடங்கிக் கிடக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும். என்றைக்கும் இருக்கிற ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி; நித்தியம் என்ற பட்டம் அப்படி வந்ததுதான். லிஃப்ட் கதவு மூடினால் போதும், "பிள்ளை, ஒரு காலத்திலை ஒண்டுமே இருக்கேல்லை எண்டு வையும். அப்ப இண்டைக்கு நீர் எங்காலை வந்தனீர்?" என்று தொடங்குவார். மீன் பையோடு நிற்கிறவள் இதற்கு என்ன பதில் சொல்வது? முழங்கால் வருத்தக்காரர்கள்கூடப் படியேறத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஃபிளாட் கமிட்டி கூடியது. கொட்டாஞ்சேனையில் டியூட்டரி நடத்தும் ஐந்தாம் மாடி ஃபிசிக்ஸ் மாஸ்டர் யோசனை சொன்னார். பௌர்ணமிப் போயா லீவன்று மொட்டை மாடியில் வாதம். அங்கிள் தோற்றால் இனி லிஃப்டில் வாய் திறக்கக் கூடாது. அங்கிளின் முகம் சுண்டிப்போயிற்று. இந்தக் கதை கதைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு ஃபிளாட் முழுவதும் அவர் தோற்பதைப் பார்க்க வடையோடு வந்திருந்தது. மாஸ்டர் தயிரை உதாரணம் காட்டினார். இன்றைய தயிருக்கு உறை நேற்றைய தயிர், நேற்றையதுக்கு முந்தநாளையது, இப்படியே முடிவில்லாமல் பின்னுக்குப் போகலாம், என்றைக்கும் இருக்கிற தனி ஒன்று எதற்கு என்று முடித்தார். கைதட்டல் கீழே பஸ் ஓடும் காலி வீதி வரை கேட்டிருக்கும்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, போன கிழமை உறைக்கு எங்கை போனனீர்?"

எனக்கு விளங்கிவிட்டது. தயிர் முடிந்தால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்குவது எங்கள் வழக்கம். அந்தத் தைரியத்தில் போன கிழமை எல்லோருமே சட்டியை வழித்துவிட்டோம். நான் எங்கள் மாடி நஸீமா டீச்சரிடம் போனேன். டீச்சர் மாஸ்டர் வீட்டுக்குப் போனார். மாஸ்டரின் மனைவி கிண்ணத்தோடு என் வீட்டு மணியை அடித்தார். கடைசியில் அங்கிள்தான் எல்லோருக்கும் உறை கொடுத்தார்.

"அடுத்த வீட்டிலை கை நீட்டுறவை எத்தனை பேர் சுத்தினாலும் வெறுங்கிண்ணம்தான், மாஸ்டர். தன்னட்டையே வச்சிருக்கிற ஒராள் வேணும்."

"அப்ப உங்களுக்கு எங்காலை, அண்ணை?" மாஸ்டர் மடக்கினார்.

"கடையிலை. சட்டித் தயிர்."

மொட்டை மாடியே சிரித்தது. அங்கிள் அசையவில்லை. "அதைத்தானே சொல்லுறன். எங்கட வட்டத்துக்கு வெளியிலை ஒரு கடை இருந்தபடியால்தான் தப்பினனாங்கள்."

மாஸ்டர் எழுந்துபோய்க் கைகொடுத்தார். தோல்வி பார்க்க வந்த கூட்டம் எழுந்து நின்று தட்டியது. உடனே இரண்டாம் மாடி ஐயர் அந்தக் கடை சிவன்தான் என்றார். டீச்சர் அல்லாஹ்தான் என்றார். அங்கிள் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ. கடை இருக்கெண்டுதான் இப்ப முடிவு. முதலாளி ஆரெண்டு இனித்தான் கதைக்கவேணும்."

அதை எங்கே வைத்துக் கதைப்பார் என்பது கமிட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாளே லிஃப்ட் மறுபடி அவர் வசமாயிற்று.

என் வீடு மூன்றாம் மாடி, அவருடையது எட்டாம் மாடி. அவரோடு ஏறினால் இப்போதெல்லாம் நான் மூன்றை அமுக்குவதில்லை.