இருநூற்று முப்பதில் ஒன்று

என் மனைவி ரின்ஸியிடமிருந்து ஒரு விஷயத்தை மறைப்பது என்று நான் முடிவெடுத்தேன். இதைப் படிக்கும் கணவன்மார்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். வேறொருவன் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் வெற்றிகரமாக மறைத்தது என்று ஒன்றும் கிடையாது. கடைத்தெருவில் ஒரு பழம்பொரியை, அதாங்க நேந்திரம்பழ பஜ்ஜியை, தின்றுவிட்டு, வாயைக் கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "பழம்பொரி சூடா இருந்துச்சா, ஆறிப்போச்சா?" என்று கேட்பாள். கூட்டுறவு வங்கியில் காசாளர். கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். என் முகம் அவளுக்கு எம்மாத்திரம்?

ஆனால் இந்தத் தடவை நான் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. விஷயம் பழம்பொரி இல்லை. எங்கள் குழந்தை.

ரொம்ப நாள் காத்திருந்து வந்த கர்ப்பம். மூன்றாம் மாத முடிவில் ஸ்கேன். என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் விரல் நீளத்துக்கு ஒன்று மல்லாந்து படுத்துக்கொண்டு கையை ஆட்டியது. எனக்குத்தான் ஆட்டியது என்று இன்றைக்கும் சொல்வேன். டாக்டர் அதன் பிடரிக்குப் பின்னால் இருக்கும் நீரை அளந்தார். ரின்ஸியின் கையில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வோம் என்றார்கள். நான் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தேன்.

சில நாள் கழித்து நான் கடையில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்லும் ப்ளெஸ்ஸி சிஸ்டர்.

"டேவிஸ் சேட்டனா? ரின்ஸி போனை எடுக்கல. ரிசல்ட் வந்திருக்கு. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு இருநூத்து முப்பதுல ஒண்ணுன்னு காட்டுது. இது கொஞ்சம் கூடுதல். ஆனா பயப்படாதீங்க. இது வடிகட்டிப் பார்க்கிற சோதனைதான், முடிவு இல்ல. இப்படி ரிசல்ட் வந்த இருநூத்து முப்பது அம்மாமார்ல ஒருத்தரோட குழந்தைக்குத்தான் அது இருக்கும். மத்தவங்களுக்கு ஒண்ணும் இருக்காது."

வேறு யாராக இருந்தாலும் மிச்சமுள்ள அத்தனை பேரையும் நினைத்து மூச்சு விட்டிருப்பார்கள். நான் யார்? இரிஞ்ஞாலக்குடா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்டரிக் கடை வைத்திருப்பவன். லட்சக்கணக்கான சீட்டில் ஒரே ஒரு முதல் பரிசு. "யாராவது ஒருத்தருக்கு விழத்தானே போகுது, அது ஏன் உங்களுக்கா இருக்கக்கூடாது?" என்று காலையிலிருந்து இருட்டும்வரை கூவுவதுதான் என் பிழைப்பு. கூவிக் கூவி நானே அதை நம்பத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. இருநூற்று முப்பதில் ஒன்று என்றால் என் கணக்கில் அது விழுந்தே விட்டது. அவ்வளவு சுலபமாக விழும் சீட்டு ஒன்று வந்தால் நான் விற்கவே மாட்டேன், நானே வைத்துக்கொள்வேன்.

அடுத்து இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றாள் சிஸ்டர். தாயின் ரத்தத்தில் குழந்தையின் மரபணுத் துணுக்குகளும் ஓடுமாம், அதைப் பிடித்துப் பார்ப்பார்களாம், இதைவிட எவ்வளவோ துல்லியமாம். அதிலும் சந்தேகம் வந்தால்தான் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்து உறுதி செய்வார்களாம். ஊசி என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது.

"சிஸ்டர், இதை ரின்ஸிகிட்ட சொல்லாதீங்க. தாங்கமாட்டா."

"அவங்க ரத்தம், அவங்க வயிறு. அவங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

"நானே பக்குவமா இன்னிக்குச் சொல்லிடறேன்."

சரி என்றாள். அன்று சாயங்காலம் ரின்ஸி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது போன் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். என்ன சொன்னார்கள் என்றாள். அத்தனை பக்குவமும் பறந்துபோய்விட்டது.

"நேந்திரம்பழம் நிறைய சாப்பிடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவிச்சுச் சாப்பிடணுமாம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று உள்ளே போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

மறுநாளே திட்டம் தயார். ரின்ஸிக்குத் தெரியாமலே ரின்ஸியின் ரத்தத்தை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். என் மாமியார் கொச்சுத்ரேசியாவைப் போய்ப் பார்த்தேன். மகள் அழக்கூடாது என்றால் எந்தப் பொய்யும் சொல்லக்கூடிய பெண்மணி. எல்லாவற்றையும் கொட்டினேன். கண் கலங்கக் கேட்டுக்கொண்டார். சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லி நீங்கள் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வையுங்கள் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார்.

"அம்மச்சி, அவகிட்ட மூச்சு விடக்கூடாது."

"அந்தோணியார் புண்ணியவாளன் மேல ஆணையா, அவகிட்ட இதை நான் சொல்லமாட்டேன் மோனே."

அந்த வாரமே வேலை முடிந்தது. "ரத்தம் குடுத்தாச்சு. பாவம், குழந்தை மாதிரி கையை நீட்டினா" என்று மாமியார் போனில் சொன்னார். என் மூளையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இனி ரிசல்ட் வரும்வரை அவள் மனசும் உடம்பும் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலை மொத்தத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். புட்டுக்கு மாவு நனைத்தேன். தேங்காய் துருவினேன், கூடவே விரலையும் துருவினேன். துணி துவைத்தேன், அவள் நைட்டியை உதறிக் காயப்போடுவதைப் பக்கத்து வீட்டு மதில்மேல் நான்கு தலைகள் வரிசையாக வேடிக்கை பார்த்தன. ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று ரின்ஸி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து உப்பில் போட்ட நெல்லிக்காயைக் கடித்தபடி, "சேட்டா, ஜன்னல் கம்பியில தூசி இருக்கு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பாவி, ஒன்றும் தெரியாமல் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கம்பியைத் துடைத்தேன்.

கடையில்தான் தாங்கமுடியவில்லை. சும்மா இருந்த நான் ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று விற்காமல் போன பழைய சீட்டுகளில் இருநூற்று முப்பதை எண்ணி எடுத்தேன். ஒன்றின் மூலையை மடித்தேன். அதுதான் அந்த ஒன்று. எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். அப்போது வந்து சேர்ந்தார் இட்டூப்பு சேட்டன். என் கடையிலேயே அதிக சீட்டு வாங்கியவர், ஆறுதல் பரிசுகூட விழாதவர். அவரைவிட ராசியில்லாத கை இந்த ஜில்லாவில் கிடையாது.

"இதுல ஒண்ணு எடுங்க" என்றேன்.

நேராகக் கையை நீட்டி, மூலை மடித்த அந்தச் சீட்டையே எடுத்தார்.

எனக்கு உலகமே இருட்டிவிட்டது. இத்தனை வருஷம் ஒன்றுமே எடுக்காத மனிதன் இதைப் போய் எடுக்கிறாரே. மறுபடி கலைத்துப் போட்டு எடுக்கச் சொன்னேன். மறுபடியும் அதையே எடுத்தார். நான் நாற்காலியில் சரிந்தேன். அவர் பாவம், நல்ல பரிசு ஏதோ விழுந்துவிட்டது என்று சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் என் வாயிலிருந்து, "விழும்" என்ற சொல்லே வரவில்லை. யார் சீட்டு கேட்டாலும், "எதுக்கு? லட்சத்துல ஒண்ணு, உங்களுக்கு எங்க விழப்போகுது" என்று சொல்லி அனுப்பினேன். எனக்காகவாவது அது உண்மையாக இருக்கட்டும் என்று ஒரு ஆசை. வியாபாரம் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ரின்ஸியின் வீட்டார் எல்லோரும் வருகிறார்கள் என்று அவள் முந்தின வாரமே சொல்லியிருந்தாள். காலையிலேயே ஒரு கூடை அயலை மீன் வாங்கி வந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் எடுத்து, உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தெருப் பூனைகள் மொத்தமும் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசனை சொல்லின. குடம்புளி போட்டுக் குழம்பும் வைத்தேன். மாமியார், மச்சான், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எல்லோரும் தட்டை வழித்தார்கள். நடுவில் ரின்ஸி எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பாத்திரம் துலக்குகிறவன் போல உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றாள். மாமியாரும் பின்னாலேயே வந்தார். இனி முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் வந்தது, எண், நேந்திரம்பழம், சர்க்கரைப் பரிசோதனை என்று சொன்னது பொய், அத்தனையும்.

"தெரியும்" என்றாள் ரின்ஸி.

"என்ன தெரியும்?"

"எல்லாம். நீங்க பழம் கதை சொன்ன அன்னிக்கு மத்தியானமே சிஸ்டர் எனக்கு எல்லாம் சொல்லிட்டாங்க. அவங்க கூப்பிட்டப்ப கவுன்ட்டர்ல இருந்தேன், எடுக்க முடியல. அப்புறம் நானே கூப்பிட்டேன். ரத்தம் குடுக்கவும் அப்பவே நாள் வாங்கிட்டேன்."

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். அந்தோணியார் பெயரைச் சொல்லி ஆணையிட்டீர்களே என்றேன்.

"நான் எங்க மோனே சொன்னேன்? நீ வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரியே அவதான் எனக்குச் சொன்னா."

ரின்ஸி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. முதல் நாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம். நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தாளாம். சொல்லவில்லை என்றதும் கோபமாக வந்ததாம். பிறகு நான் தேங்காய் துருவுவதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டதாம்.

"எனக்குக் குழந்தையை நினைச்சு பயமில்ல ரின்ஸி. உன் முகம் வாடிப்போறதைப் பார்க்கத்தான் பயம்."

"குழந்தைக்கு அது இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. நம்ம குழந்தை. கையை ஆட்டுச்சே."

"அதேதான் நானும் நினைச்சேன். முன்னாடியே தெரிஞ்சா நாம தயாரா இருக்கலாம், அதுக்குத்தான் சோதனை. தனியா உட்கார்ந்து சாகறதுக்கு இல்ல."

எனக்கு மறுபடி அழுகை வந்தது. இட்டூப்பு சேட்டன் சீட்டு எடுத்த கதையையும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூலையை மடிச்சு வெச்சா, கடைக்காரன் தனக்குன்னு ஒதுக்கி வெச்ச சீட்டுன்னு யாருக்கும் தோணாதா? நான்கூட அதைத்தான் எடுப்பேன்."

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு சேட்டா. டவுன் சிண்ட்ரோமுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவுன்னு சொல்லிட்டாங்க. ஊசியெல்லாம் இப்போதைக்குத் தேவையில்லையாம். அஞ்சாம் மாசம் ஒரு பெரிய ஸ்கேன் இருக்கு. இருதயம், முதுகெலும்பு, கை, கால் எல்லாம் அதுல பார்ப்பாங்க. அதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

நான் சோப்பு நுரைக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். மாமியார் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தபடி உள்ளே போனார். அதன் பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ரிசல்ட் எப்ப வந்துச்சு?"

"நேத்து காலையில."

"நேத்தேவா? அப்பவே ஏன்டி சொல்லல?"

அவள் எழுந்து, துலக்காமல் கிடந்த மீன் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா இத்தனை பேருக்கு அயலை யாரு கழுவுறது?"