தராசுக்காரரின் தொழில்ராசி

மண்டப வாசலில் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். இலவசம் என்றதும் நம் தராசுக்காரர் கை நீட்டினார். ஒரு கைக்கு ஒன்று, மறு கைக்கு ஒன்று, வராத மைத்துனருக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டே போனார். உள்ளே பிரான்சைஸ் கண்காட்சி. பிரான்சைஸ் என்றால் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. பெயர்ப்பலகை அவர்களுடையது, முதல் உங்களுடையது, உழைப்பு உங்களுடையது. நட்டம் வந்தால் மட்டும் பங்கு கேட்க மாட்டார்கள், அவ்வளவு பெரிய மனசு. காபிக்கடை, சலவைக்கடை, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் கடை, செருப்புக் கழுவித்தரும் கடை என்று வரிசை வரிசையாக அரங்குகள். பாதி அரங்குகளில் கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் மூலையில் இருந்த ஒரே அரங்கில் அம்மிக்கொண்டிருந்தது.

அங்கேதான் தொழில்ராசி குரு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு. மருத்துவரும் இல்லை, ஆராய்ச்சிக்காரரும் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டால் நமக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளுமே, அது போதாதா? ஒவ்வொரு மனித உடம்புக்கும் ஓர் அலை உண்டாம், ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அலை உண்டாம். இரண்டும் பொருந்தினால் கோடீஸ்வரன், பொருந்தாவிட்டால் தெருக்கோடி. பொருத்தம் பார்க்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. இந்தப் பக்கம் செப்புத்தட்டில் நீங்கள் உள்ளங்கையை வைக்க வேண்டும். அந்தப் பக்கத் தட்டில் அவர் ஒரு டப்பாவை வைப்பார். டப்பாவுக்குள் அந்தந்தக் கம்பெனியின் முதல் கடையில் பெருக்கி எடுத்த தூசி. நடுவில் ஒரு முள். அது சிவப்பில் நின்றால் ஓடிவிடு, பச்சைக்குப் போனால் கையெழுத்துப் போடு.

முள்ளைக் கண்டதும் தராசுக்காரர் கிறங்கிப் போனார். காரணம் இருக்கிறது. கடைகடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த வேலை. அவர் தலையைத் தெருமுனையில் பார்த்தாலே கள்ளத்தராசுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். கடவுளை நம்பினாரோ இல்லையோ, முள்ளை நம்பினார். அதுதானே சோறு போட்டது.

போன மாதம் ஓய்வு பெற்றார். கைக்கு வந்த தொகைதான் அவருக்கும் மனைவிக்கும் மிச்ச ஆயுசுக்கான கஞ்சி. அதில் கை வைத்து ஒரு தடவையாவது முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவமனை வரவேற்பு மேசையில் காலம் தள்ளியவர். கேள்வி கேட்டே பழக்கம். ஏற்கெனவே கடை எடுத்தவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்க வேண்டும், இதுவரை எத்தனை கடை மூடியிருக்கிறது என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று வீட்டிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த வரிசையை நீ கேள், அந்த வரிசையை நான் கேட்கிறேன் என்று மண்டையை ஆட்டிவிட்டு வந்த மனுஷன், ஒரு அரங்கில்கூட வாயைத் திறக்கவில்லை. கொடுத்த பேனாக்களைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மூலைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்.

முறை வந்தது. கையை வைத்தார். காபி டப்பா, சிவப்பு. சலவை டப்பா, சிவப்பு. கணக்கு டப்பாவுக்கு முள் இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் தான் வாங்கிய மதிப்பெண் இந்த முள்ளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்குப் புல்லரித்தது. கடைசியில், செருப்புக் கழுவித்தரும் 'பளபள பாதம்' கம்பெனியின் டப்பாவை வைத்தார் குரு. முள் ஒரு நடுக்கம் நடுங்கிப் பச்சைக்குப் போய் நின்றது.

இது பூர்வ ஜென்மப் பொருத்தம் என்றார் குரு, மெல்லிய குரலில். இந்த அலை இன்று சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும் என்றும், முன்பணம் கட்டிவிட்டால் அலை நிலைத்துவிடும் என்றும் சொன்னார். பக்கத்திலேயே பளபள பாதத்தின் மேலாளர் ஒப்பந்தத் தாளோடு தயாராக நின்றார். கட்டிய பணம் திரும்பாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பிறவிப்பயன் ஊரார் செருப்பில் இருக்கும்போது பொடி எழுத்தை யார் படிப்பார்கள்? தராசுக்காரர் இலவசப் பேனாக்களில் ஒன்றை எடுத்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம்."

மனைவி. முகம் சிவந்திருந்தது. விஷயத்தைக் கேட்டவர் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

"கடைக்குப் போனா முதல்ல என்ன பாப்பீங்க நீங்க?"

"வெறும் தட்டை வச்சு..." என்று ஆரம்பித்த தராசுக்காரர் பாதியில் நிறுத்தினார். எந்தத் தராசிலும் முதலில் ஒன்றும் வைக்காமல் முள் எங்கே நிற்கிறது என்றுதானே பார்ப்பார்! அந்த நிமிடம் பூமி பிளந்து உள்ளே விட்டிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார்.

அந்த அம்மா குருவிடம் திரும்பி, எங்கள் வீட்டுக்காரர் ஆயுள் சேமிப்பைப் போடப்போகிறார், இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று பணிவாகக் கேட்டார். கேட்டபடியே கணவர் கையிலிருந்த துணிப்பைகளைப் பிடுங்கினார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. போதாததற்கு வரிசையில் நின்றவர்களிடமும் வாங்கிக்கொண்டார். மேசையிலிருந்த குருவின் டப்பாக்களை எடுத்துப் பைக்கு ஒன்றாகப் போட்டார். ஒரு பையில் மட்டும் டப்பாவுக்குப் பதில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போட்டார். எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி வைத்து, எது எது என்று தனக்கே தெரியாதபடி மேசைமேல் பரப்பினார்.

"அலைதானே, பையைத் தாண்டி வராதா என்ன? வைங்க."

துணி அலையைத் தடுக்கும் என்றார் குரு. தகர டப்பா தடுக்காதது துணி தடுக்குமா என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். தராசுக்காரர் மறுபடி கையை வைக்க, வேறு வழியில்லாமல் குரு ஒவ்வொரு பையாக எடுத்து வைத்தார். முள் அவர் முகத்தைப் போலவே திருதிருவென்று விழித்தது. நாலாவது பையில் துணிந்து பச்சைக்குப் போனது. அம்மா பையைக் கவிழ்த்தார். கண்ணாடிக் கூடு விழுந்தது.

இப்போதுதான் தராசுக்காரருக்குப் பழைய ரத்தம் ஓடியது. தட்டுக்கு மேலே பார்க்கிறவன் வாடிக்கையாளன், கீழே பார்க்கிறவன்தான் அதிகாரி. குனிந்து மேசைத்துணியைத் தூக்கினார். குருவின் முழங்காலுக்கு நேராக ஒரு நெம்புகோல், அதிலிருந்து முள்ளுக்கு ஒரு கம்பி. கால் அசைந்தால் முள் அசையும். பூர்வ ஜென்மம் முட்டியில் இருந்திருக்கிறது.

வரிசையில் சலசலப்பு. உங்களுக்கு எந்தக் கடைக்குப் பச்சை விழுந்தது என்று ஒருவர் பக்கத்தவரைக் கேட்டார். பளபள பாதம் என்றார் அவர். எனக்கும் அதேதான் என்றார் பின்னால் நின்றவர். பணம் கட்டி ரசீது வைத்திருந்த ஒருவர் ரசீதையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை உடம்பு, அத்தனை அலை. அத்தனை பேரும் பிறந்தது செருப்புக் கழுவத்தான் போல. மேலாளரை நாலு பேர் சுற்றிக்கொண்டு ரசீதுகளை நீட்ட, அவர் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். கூட்டம் அலையடித்ததில் குருவின் அலை சத்தமில்லாமல் அடங்கிவிட்டது.

ஏற்கெனவே பளபள பாதம் கடை எடுத்த இரண்டு பேரின் எண்ணை வாங்கிப் பேசிவிட்டுத்தான் வந்தாராம் அம்மா. ஒருவர் கடையை மூடிவிட்டார். இன்னொருவர், கழுவும் இயந்திரம் வேண்டுமா, பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். தராசுக்காரர் கையெழுத்துப் போடாத தாளைக் கிழித்தார். கிழித்தது அவமானத்தில் பாதி, தப்பித்த நிம்மதியில் பாதி.

"ஊர்ல எவன் தராசுல எடை குறைஞ்சாலும் கண்டுபிடிச்சேன். என் மண்டையில குறைஞ்சதை நீதான் கண்டுபிடிச்சே" என்றார் மனைவியிடம்.

மனைவி பதில் சொல்வதற்குள் வரிசையில் நின்ற ஒருவர் பவ்வியமாகக் குனிந்து வந்தார். குருவையே பிடித்துவிட்டீர்கள், உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று சொல்லி, தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"நான் எந்தக் கடை எடுக்கலாம்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க சார்."

தராசுக்காரர் அந்தக் கையை மெதுவாக மூடிவிட்டார்.

"கடை நடத்துறவங்களைக் கேளுங்க. வீட்ல கேளுங்க. உங்க மூளையையும் ஒரு வார்த்தை கேளுங்க. என்னை மட்டும் கேக்காதீங்க. இதே வரிசையில உங்களுக்கு முன்னாடி நின்ன முட்டாள் நான்."