கவிழ்த்து வைத்த டிவி

கூடத்தில் இருந்தவர்கள்: மாமியார், மனைவி, மச்சினி, மாமனார், ஒரு பழைய டப்பா டிவி, அப்புறம் மாப்பிள்ளை.

டிவியில் படம் இல்லை. திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. சத்தமாவது வந்தது. மாமனாரிடமிருந்து அதுவும் வரவில்லை. பெண் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷமாகிறது; மாப்பிள்ளையிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டுக்குள் மாப்பிள்ளை கால் வைப்பதே இன்றுதான். டிவி கெட்டுப்போச்சு என்று மாமியார் போன் செய்து கூப்பிட்டிருந்தாள்.

"சரி பண்ணிட்டீங்கன்னா அப்பா பேசிடுவார்," என்று மனைவி பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "சொதப்பினீங்க, ஜென்மத்துக்கும் பேச மாட்டார்."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கோட்டைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"படம் மேலயும் கீழயும் விரிய மாட்டேங்குது, அவ்வளவுதான் அத்தை. மேல கீழ போறதுதானே நம்ம தொழிலே."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். "நாலு மணிக்கு மேட்ச்னு சொல்லு."

"நாலு மணிக்கு மேட்சாம்," என்றாள் மாமியார், பக்கத்திலேயே நின்ற மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கிப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி.

"யாரும் கிட்ட வராதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் டியூப்ல கரண்ட் நிக்கும். அதை வடிச்சுட்டுத்தான் கை வைக்கணும்."

வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை டியூபின் பக்கவாட்டு ரப்பருக்குள் நுழைத்தார். 'டப்'பென்று வெடித்தது. மாமியார் அலறினாள். மச்சினி சோபாமேல் ஏறி நின்றாள்.

"உசிரு இருக்கான்னு கேளு," என்றார் மாமனார்.

"இருக்கு மாமா."

"உன்னைத்தான் கேக்கச் சொன்னேன்," என்றார் அவர் மாமியாரிடம்.

கோளாறு சுலபமாகவே அகப்பட்டது. போர்டில் ஒரு பாகத்தின் காலில் ஈயப் பற்று விட்டிருந்தது. சூடுகாட்டிப் பற்றவைத்து, கழற்றிய வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மாட்டினார். கை கழுவி, மாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்து, மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார்.

படம் வந்தது. முழுசாக, பளிச்சென்று, தலைகீழாக. செய்தி வாசிக்கும் பெண் வௌவால் மாதிரி தொங்கினாள்.

மாப்பிள்ளை மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "ரெண்டு வயர் மாறியிருக்கும் போல. தொறந்தா அஞ்சே நிமிஷம்..."

"தொறப்பீங்களா?" மாமியார் டிவிக்கு முன்னால் வந்து நின்றாள். "அந்த டப்புச் சத்தம் இன்னொரு தடவை கேட்டுச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

மணி மூன்று ஐம்பது. மனைவி பார்த்த பார்வையில் மாப்பிள்ளைக்கு வேறு வழி தோன்றவில்லை. டிவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அப்படியே கவிழ்த்து வைத்தார்.

படம் நேரானது. மேட்ச் தொடங்கியது.

"எழுத்தெல்லாம் பின்னாலேர்ந்து ஓடுது," என்றாள் மச்சினி. "எல்லாரும் இடது காலாலயே உதைக்கிறாங்க."

தலைகீழ் போய் இப்போது இடம் வலம் மாறியிருந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டக்காரர்கள் திருந்தவில்லை.

"அத்தை, வீட்ல பெரிய முகம் பாக்கற கண்ணாடி இருக்கா?"

பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றி எடுத்துவந்து டிவிக்கு எதிரே சாய்த்து வைத்தார்கள். சோபாவைத் திருப்பிப் போட்டார்கள். குடும்பமே டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் மேட்ச் பார்த்தது. எழுத்து சரியாக வந்தது. வலது காலும் வந்தது.

மாப்பிள்ளை தரையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் வரவே வேண்டாம் என்று முடிவுசெய்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாப்ள. கோல் போஸ்ட் மறையுது."

மூன்று வருஷத்தில் முதல் வாக்கியம். மாப்பிள்ளை சுவர் வரைக்கும் தள்ளினார்.

கிளம்பும்போது மாமனார் கூடத்திலிருந்தபடியே சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து அந்த வயரைப் பாருங்க. சாப்பாடு இங்கதான்."

மனைவி முன்னால் படியிறங்கிவிட்டாள். கதவைச் சாத்த வந்த மச்சினியிடம் மாப்பிள்ளை முணுமுணுத்தார்: "நான் பாத்துப் பாத்துத்தான்மா மாட்டினேன். எப்படி மாறுச்சுன்னே புரியல."

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க கை கழுவப் போனப்ப அப்பாதான் மாத்திச் சொருகினார் அத்தான். இன்னிக்கே சரியாயிட்டா, அப்புறம் என்ன சொல்லி உங்களைக் கூப்பிடறதாம்?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு சுற்று சுற்றியது.