தாட்சாயணி மோட்டாருக்குச் சரிபாதி

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம் என்று உலகம் வெகுகாலமாக நம்பி வந்தது. அந்தக் கணக்குக்கும் எல்லைக் கல் நட்ட பெருமை எங்கள் சித்தூர் ஜில்லாவையே சேரும். நட்டவர்கள் 'எல்லை மின்சாரக் கூட்டுக் குழு'. அதன் குமாஸ்தாவாக இருந்து காபி வரவழைத்த பாக்கியம் அடியேனுக்கு.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம். பாலசமுத்திரத்துக்கு அருகே தாட்சாயணியின் நெல் வயல் நடுவே புதுக் கோடு விழுந்தது. மின்கம்பம் அந்தப் பக்கம், கிணற்று மோட்டார் இந்தப் பக்கம்.

"மோட்டாரு உறுமிக்கினு கீது, தண்ணி மட்டும் ஏறல. பயிரு பால் புடிக்கிற நேரம் சார், ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள் அவள்.

அளக்காமல் எதையாவது செய்துவிட முடியுமா? இந்தப் பக்கத்து ஆபீசர் கோவர்த்தனன் வோல்ட் மீட்டரோடு வந்தார். அந்தப் பக்கத்து ஆபீசர் அசரியா ஆம்பியர் மீட்டரோடு வந்தார். இருவரும் ஒரே நேரத்தில் அளந்தது ராஜ்ய ஒற்றுமைக்கு அபூர்வமான உதாரணம். நூற்றெண்பது வோல்ட், பத்து ஆம்பியர்.

"பெருக்கினா ஆயிரத்தெண்ணூறு வாட்டு சார்" என்று உளறிவிட்டேன்.

"யாரோட வாட்டு?" என்றார் அசரியா.

இரண்டாவது காபி வந்த பிறகுதான் கோவர்த்தனனுக்கு ஞானம் பிறந்தது.

"எதுக்குங்க சண்டை? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சிக்கிற மாதிரி, வோல்ட்டுலயும் பாதி, ஆம்பியர்லயும் பாதி."

"அதான் நியாயம்!" என்று அசரியா கை கொடுத்தார்.

ஆளுக்குத் தொண்ணூறு வோல்ட், ஐந்து ஆம்பியர். பெருக்கினார்கள், ஆளுக்கு நானூற்றைம்பது வாட். இரண்டையும் கூட்டினேன், தொள்ளாயிரம்தான் வந்தது. பாதியைக் காணோம்! வகுத்தும் பார்த்தார்கள். தடை மட்டும், பிரிக்காத மோட்டாருக்கு இருந்த அதே பதினெட்டு ஓம், சிந்தாமல் சிதறாமல் ஆளுக்கு முழுசாகக் கிடைத்தது. மோட்டார் என்றால் இதைவிட நுணுக்கமான கணக்கு உண்டாம். அதை ஓர் 'உபகுழு'வுக்கு ஒத்திவைத்தார்கள்.

"தொள்ளாயிரம் வாட்டு எங்க போச்சி?" கோவர்த்தனன் தாட்சாயணியைப் பார்த்தார். "கிணத்தாண்ட நீ ஒருத்திதானே கீற?"

"அத்த இன்னா நான் துன்னுட்டேனா? மொதல்ல தண்ணிக்கு வழி சொல்லுங்க சாமி. பயிரு போச்சின்னா என் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

அவள் கேட்டது நிகழ்ச்சி நிரலில் இல்லை. 'மின்சாரத் திருட்டுச் சந்தேகத்தின்பேரில்' விசாரணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கத் தீர்மானித்தார்கள். அந்தக் குழுவில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

பயிர் காய்ந்தது. தாட்சாயணி நிவாரணம் கேட்டு இரண்டு பக்கமும் நடையாய் நடந்தாள். அப்போதுதான் நம்மவர்களின் பெருந்தன்மையைக் கண்ணாரக் கண்டேன். சாண் மண்ணுக்கும் மல்லுக்கட்டியவர்கள், "அந்த வயல் உங்களுதுங்க", "ஐயோ, உங்களுதேதாங்க" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள்.

பச்சையாக இருந்தவரை இரண்டு ராஜ்யங்களுக்கும் சொந்தமாக இருந்த நிலம், காய்ந்த அன்றுதான் தாட்சாயணிக்குச் சொந்தமாயிற்று.