முன் சீட்டில் ஒரு ராசா

நாடில்லாத ராசாக்களில் எங்கள் ராசா அண்ணையைப்போல் கறாராக ஆட்சி நடத்தியவர் இந்தப் பூலோகத்தில் வேறு எவரும் இருக்க முடியாது. ஆட்சி நடந்த இடம், கியூபெக்கின் சென்ட் லோரன்டில் ஒரு வாடகை பிளாட்டும், எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஞானம் அண்ணையின் பழைய வானும்தான்.

ஆள் அசல் ஜெர்மன்காரர். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு முடியைப் பறிகொடுத்த ஓர் அரச குடும்பத்தின் தலைவர். நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலையில் சைக்கிளில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த நாட்டில் நிற்கலாம் என்று அவரே சொல்லுவார். பெயர்தான் நாட்டைவிட நீளம். நாங்கள் அதை ராசா அண்ணை என்று சுருக்கிவிட்டோம்.

மருந்துத் தொழிற்சாலையில் எங்களோடு பெட்டி அடுக்கினார், கழுத்தில் டையோடு. ஞானம் அண்ணையின் வானில் வேலைக்குப் போய்வந்ததில் யாழ்ப்பாணத் தமிழும் ஒட்டிக்கொண்டது. வயது வித்தியாசம் பாராமல் எல்லோரையும் "அண்ணை" என்பார்.

ஒருமுறை குடும்பக் கொடியைப் பால்கனியில் தொங்கவிட்டார். கட்டடம் பார்க்கிற கியூபெக்காரர், பால்கனியில் துவாய் காயப்போடக் கூடாது என்று வந்து நின்றார். இது துவாய் அல்ல, முப்பாட்டனாரின் போர்க்கொடி என்றார் ராசா. போர்க்கொடியானாலும் உள்ளே காயப்போடுங்கள், மெர்சி என்று பிரெஞ்சில் நன்றியும் சொல்லிவிட்டு மனிதர் போய்விட்டார்.

விருதும் கொடுப்பார். பனிப்புயலில் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஞானம் அண்ணையின் குளிர் ஜாக்கெட்டில் ஒரு பதக்கத்தைக் குத்தினார்.

"வெண்கழுகு, மூண்டாம் வகுப்பு."

ஞானம் அண்ணைக்கு முகம் கறுத்தது. "ஏன் மூண்டாம் வகுப்பு? நான் என்ன குறைஞ்சு போனனோ?"

"முதலாம் வகுப்பு முடி சூடின ஆக்களுக்குத்தான், அண்ணை."

"அப்ப ரெண்டாம் வகுப்பு?"

"அது எனக்கு."

ஞானம் அண்ணை அதை மறக்கவேயில்லை. அவர் எவருக்கும் கீழே இருக்கச் சம்மதிக்காத பிறவி. தலைவர் பதவி கிடைக்கவில்லை என்று பழைய மாணவர் சங்கத்தை இரண்டாக்கியவர். இரண்டாவதிலும் தோற்று மூன்றாவதைத் தொடங்கினார். அதில் அவர் தலைவர். நானும் என் மனைவியும் உறுப்பினர்கள்.

வானில் முன் சீட்டு என்னுடையது. பின்னால் இருந்தால் எனக்குத் தலை சுற்றும், வாந்தியும் வரும். ராசாவுக்கு அந்தச் சீட்டில் ஒரு கண். வாய்விட்டுக் கேட்டதில்லை. முன் கதவருகே ஒரு கணம் நிற்பார், பெருமூச்சு விடுவார், பின்னால் ஏறுவார்.

"சத்தி எடுக்கிறவன் முன்னுக்கு, முடி இழந்தவர் பின்னுக்கு. கலிகாலம்!" என்பார் ஞானம் அண்ணை.

ஒருநாள் காலை ராசா முன் கதவருகே நிற்காமலே பின்னால் ஏறினார். என்னவென்று கேட்டோம்.

"என்ர ஒண்டுவிட்ட தம்பி ஜெர்மனியிலயிருந்து வாறான். குடும்பத் தலைவர் பதவியை நான் விடட்டாம்."

"ஏனாம்?"

"என்ர அம்மா பேக்கரிக்காரன்ர மகள். சரிசமமான கலியாணம் இல்லையாம்."

வான் தெருவோரம் நின்றது. ஞானம் அண்ணை முகமெல்லாம் பூரித்துத் திரும்பினார். "அட, சாதிப் பிரச்சினை! இதை முதலே சொல்லியிருக்கலாமே. எங்களுக்குத் தெரியாத விசயமோ?"

ராசா சிரிக்கவில்லை. "அதையும் விட்டா நான் ஆர், அண்ணை? பெட்டி அடுக்கிற ஒரு கிழவன்" என்றார்.

"தனியப் போகக்கூடாது," என்றார் ஞானம் அண்ணை. "எதிர்த்தரப்பு ஆக்களோடதான் வரும்."

சனிக்கிழமை டவுன்டவுனில் ஓர் உணவகத்துக்கு மூவரும் போனோம். ஞானம் அண்ணை பட்டு வேட்டி, சால்வை, அதன்மேல் மூன்றாம் வகுப்புப் பதக்கம். எதிர்த்தரப்போ ஒற்றை ஆளாக, நைந்த கோட்டோடு வந்தது. கையைக் குலுக்கிய கையோடு ஞானம் அண்ணை ஆங்கிலத்தில் சமரசத்தை அவிழ்த்தார்: ஆளுக்கு இரண்டு வருடம் தலைவர், பிறகு தேர்தல். பொருளாளர் யார் என்றும் கேட்டார்.

பார்த்துக்கொள்ளக் குடும்பத்தில் சல்லிக்காசு இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

பிறகு தம்பிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது சங்கமல்ல, அரச குடும்பம் என்றார். தலைவர் என்றால் பின்னால் மக்கள் நிற்க வேண்டும். உன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ராசாவிடம் கேட்டார்.

ராசா தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. ஞானம் அண்ணை எழுந்து, ராசாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். "எழும்பி வாரும் காணும்," என்று என்னை அதட்டினார். நானும் போய் நின்றேன்.

"நாங்கள் இவரின்ர ஆக்கள். ராசா அண்ணை, இதை அவருக்கு ஜெர்மன்ல சொல்லுங்கோ."

எவருக்கும் கீழே இருக்க மாட்டேன் என்று சங்கம் சங்கமாக உடைத்த மனிதர், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். ராசா சொல்லத் தொடங்கினார், ஆனால் வந்தது யாழ்ப்பாணத் தமிழ். தம்பிக்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. எழுந்து தலை வணங்கினார். தன் பின்னால் நிற்க அப்படி ஒருவரும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். பதவிப் பேச்சு அதோடு முடிந்தது, சாப்பாடு வந்தது.

திரும்பும்போது வான் கதவை ராசாவுக்கு நான்தான் திறந்தேன். முன் கதவை.

இப்போது அவர் ஓய்வு பெற்று இல்-பிசார் தீவில் இருக்கிறார். அங்கே பஸ் குதிரைக்கொம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானம் அண்ணையும் நானும் போய்க் கூட்டிவருவோம். பின் சீட்டில் எனக்கு இன்றும் தலை சுற்றுகிறது. சுற்றிவிட்டுப் போகட்டும், ராசா அண்ணை முன்னால் இருக்கட்டும்.