பொதுமக்கள் நாற்காலி

என் மனைவி மீனம்பாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வாயில் இன்னொருவன் பெயர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் கூடவே நடந்தேன். கதவு கிட்டே வந்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள், ஏதோ மனசில் இருப்பதைச் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"தண்ணி மோட்டர் ஓடலன்னா ரங்கநாதனுக்கு ஒரு போன் போடுங்க. நீங்க கை வெக்காதீங்க."

கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

இதில் எனக்கு இரண்டு அவமானம். ஒன்று, ரங்கநாதன். இன்னொன்று, நான் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ரேடியோ, மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்தவன். எவரிடமும் தொழில் கற்றதில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்தே படித்தேன். மேல்மலையனூர் வரைக்கும் என் கை பட்ட மிக்சிகள் சட்னி அரைத்தன. எங்கள் வீட்டு மிக்சி மட்டும் அரைக்கவில்லை. அதன் மோட்டாரை ஒரு அவசரத்துக்குக் கழற்றி வேறொருவருக்குப் போட்டுவிட்டேன். மீனம்பாள் வருஷக்கணக்காக அம்மியில்தான் அரைத்தாள். அதை ஒரு குறையாக அவள் சொன்னதில்லை. தினமும் சொன்னாள், அவ்வளவுதான்.

ரங்கநாதன் எங்கள் தெருவின் கட்சிக் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அது அவனுக்கு விளம்பரம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, காதில் எப்போதும் போன். இரண்டாவது மணியில் எடுப்பான். "சொல்லுக்கா" என்பான். என் மனைவி அவனுக்கு அக்கா. அதனால் நான் மாமா. பொறாமைப்படுவதற்குக்கூட அந்தப் பயல் முறை விட்டுவைக்கவில்லை.

ஒருமுறை கோட்டைக் குரங்கு எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மீனம்பாள் என்னிடம் சொன்னாள். "பார்க்கலாம்" என்றேன். அவனிடம் சொன்னாள். "வரேன்க்கா" என்றான். வந்தான். எதிர்வீட்டு ராஜாம்பாள் வீட்டு ஓட்டின் மேலிருந்து மூடியை எடுத்து, கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போனான். அன்று முழுக்க நான் மாடிப் பக்கம் போகவில்லை.

தெருக் குழாயடியில் இதே பேச்சு.

"எம்.எல்.ஏ.வப் பாக்கணும்னா வூட்ல கல்யாணம் வெக்கணும். ரங்கநாதனப் பாக்கணும்னா கொழாவுல தண்ணி நின்னா போதும்" என்றாள் ராஜாம்பாள்.

"ஓட்டும் அவன் கட்சிக்குத்தான் போட்டியா?" என்று நான் கேட்டேன்.

"அது வேற. ஓட்டு எங்க மாமியார் வூட்டு வழக்கம். போன்தான் அவனுக்கு."

மீனம்பாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "கட்சி கெடக்குது. கூப்ட்டா இன்னான்னு கேக்குது பாரு, அதான் ஆளு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பார்க்காமலே சொல்லியிருக்கலாம்.

கண் மங்கி, கடையை மூடிவிட்டு வீட்டோடு நான் இருந்த காலம் அது. குழம்பில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று அவளுக்கு யோசனை சொல்வதுதான் என் முழுநேர வேலை. அப்போதுதான் ஒருநாள் முருகையன் வந்தார். அவர் எதிர்க்கட்சியின் பேரூர்ச் செயலாளர். எங்கள் தெருவில் அந்தக் கட்சிக்குக் கொடி இருந்தது, ஆள் இல்லை.

"அண்ணே, உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க வீட்ல முடங்கிக் கெடக்கறது ஊருக்கு நஷ்டம். கிளைச் செயலாளரா நீங்கதான் இருக்கணும்" என்றார்.

ஒருவழியாக ஊர் என்னைக் கண்டுகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மீனம்பாள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். "இவருக்கு எதுக்குங்க இந்தத் தொல்லையெல்லாம்" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை உடனே ஒத்துக்கொள்ள வைத்தது.

சபதம் எடுத்தேன். ரங்கநாதன் இரண்டாவது மணியில் எடுக்கிறானா, நான் முதல் மணியில் எடுப்பேன். அவன் வீடு தேடி வருகிறானா, நான் வாசலிலேயே இருப்பேன். வாசலில் ஒரு மேசை போட்டேன். எனக்கு ஒரு நாற்காலி, பொதுமக்களுக்கு ஒரு நாற்காலி. 'எந்நேரமும் அணுகலாம்' என்று பிளக்ஸ் வைத்தேன். அதில் என் படம் அரசியல்வாதி மாதிரியே சிரித்தது.

பொதுமக்கள் வரவில்லை. குரங்கு ஒன்று வந்து பொதுமக்கள் நாற்காலியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைத்துவிட்டு, அப்படியே போனை எடுத்து "ரங்கநாதா" என்றார்கள். என் எதிரிலேயே.

நான் சோர்ந்திருந்த ஒரு காலையில், மீனம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வணக்கங்க."

"இன்னா மீனம்பா இது, உள்ள போ."

"எந்நேரமும் அணுகலாம்னு போட்டுருக்குது. நானும் இந்தத் தெரு பொதுமக்கள்தானே?"

எதிர்வாசலில் ராஜாம்பாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "சரிம்மா. கோரிக்கை இன்னா?"

"எங்க வூட்ல மிக்சி ஓடி வெகுநாளாச்சுங்க. வூட்டுக்காரரு ஒருத்தரு இருக்காரு. சொன்னா பாக்கலாம்னுவாரு. பாக்க மட்டும் மாட்டாரு."

"அவர்கிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்லலாமேம்மா."

"சொல்லிப் பாத்துட்டேங்க. காது அந்தப் பக்கம், கவனமெல்லாம் கொழம்பு உப்பு மேல. நீங்க ஆவறதுன்னா சொல்லுங்க. இல்லன்னா வேற கட்சிக்குப் போறேன்." இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"வேணாம். கழகம் கவனிக்கும்" என்றேன்.

அன்றே மிக்சி ஓடியது. ராஜாம்பாள் வந்து சட்னியை ருசி பார்த்துவிட்டு, "பரவால்ல, இந்தக் கட்சியும் வேலை செய்யுது" என்றாள். அடடா, அதைக் கேட்க ரங்கநாதன் அங்கே இல்லையே என்று இருந்தது.

அதற்கப்புறம் மீனம்பாள் தவறாமல் கோரிக்கையோடு வந்தாள். குளியலறைத் தாழ்ப்பாள். சமையலறைப் பல்பு. ரேஷன் கடை வரிசை. உடைந்த அம்மிக்குழவி தவிர எல்லாவற்றையும் கட்சி சரிசெய்தது. அவளைப் பார்த்துத் தெருவும் வந்தது. ராஜாம்பாளின் மாமியாரை அமாவாசைக்கு மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கூட்டத்தில் கிழவி என்னை விட்டுவிட்டு சிறப்புப் பேருந்தில் தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். நான் அங்காளம்மன் சன்னதியில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரங்கநாதனுக்குப் போன் போவது நின்றுவிட்டது. அது போதும் எனக்கு.

வழியில் அவனைப் பார்த்தால் நெஞ்சை நிமிர்த்துவேன். "கலக்கறீங்க மாமா" என்பான். வயிறு எரிகிறது பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி நான் ஜெயித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரி வண்டிக்கு யார் போன் போட்டது என்று எனக்குத் தெரியும். அதை எழுத விருப்பமில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள் அல்லவா, வைத்தேன். அதற்குமுன் அது உறுமிக்கொண்டாவது இருந்தது. நான் கை வைத்தபின் அதுவும் இல்லை. ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் வீம்பாக இருந்துவிட்டு, போன் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுங்க மாமா."

ஆளோடு வந்தான், சரிசெய்தான். மறுநாளும் வந்தான், வேலை எதுவும் இல்லாமல். அதற்கு மறுநாளும். பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போடும் காபியைக் குடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. காபியில் சர்க்கரை கம்மி என்று வேறு சொன்னான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "தினமும் வர்றியே, இங்க உனக்கு இன்னா வேல?"

"அக்கா சொல்லிட்டுப் போயிருக்குது மாமா."

"உன்கிட்டயா? இன்னான்னு?"

"தனக்கு எதுனா ஆயிட்டா உங்கள தெனம் ஒருவாட்டி பாத்துக்க சொல்லிச்சு. சும்மா உக்காந்துட்டா உடம்பு கெட்டுப்பூடும், அதுக்குத்தான் அந்தச் செயலாளர் வேலையே வாங்கிக் குடுத்தேன், அதையும் உட்டுடாம பாத்துக்கன்னுச்சு."

"எந்த வேலை?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியாதா? கடைய மூடின நேரத்துல அக்கா எங்க வூட்டுக்கு வந்துச்சு. இந்த ஆள் அடுப்பங்கரைய உட்டு நகர மாட்றாரு, உங்க கட்சியில எதுனா போட்டுக் குடுன்னுச்சு. எங்க கட்சியில ஏது மாமா எடம்? ஒரு பதவிக்குப் பத்துப் பேரு. முருகையன் கட்சிதான் காலியா கெடந்துச்சு. அவரு என் சகலைதானே, சொல்லி வுட்டேன்."

"அப்ப நான் உன்ன எதுத்து இத்தன நாளா..."

"நல்லாத்தான் எதுத்தீங்க மாமா. எனக்கும் பாதி வேல கொறஞ்சுது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மீனம்பாள் இல்லை, அவளைக் கேட்க முடியாது. இதை யாரிடமாவது முறையிட்டே தீரவேண்டும் என்று தோன்றியது. எங்கள் தெருவில் கூப்பிட்டால் இன்னான்னு கேட்கிறவன் ஒருவன்தான். அவன் என் எதிரில் உட்கார்ந்து மிச்சக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

மழையில் பிளக்ஸ் கிழிந்துபோயிற்று. மேசையை உள்ளே போட்டுவிட்டேன். நாற்காலிகள் இரண்டும் வாசலில் இருக்கின்றன.