காது முளைத்த மரம்

ஜித்ராவுக்கு அந்தப்பக்கம் ரப்பர்த் தோட்டம்,
சுபானு வருடம், வைகாசி மாதம்.
ஜப்பான் கணக்குக்கு 2603. யார் கையில் அகப்பட்டாலும் குற்றம் சொல்லக்கூடாது என்று இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

மெர்கோங் மளிகைக்கடை மச்சான் நடராஜா அவர்களுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை சண்முகவள்ளியும் முருகன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் அக்காவும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களை நான் நம்புவது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் என்பது மேற்கொண்டு படித்தால் விளங்கும்.

தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் இதை மாட்டுவண்டிக்கார முனியாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். முனியாண்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. கிடையாது என்று அவர்தான் சொல்கிறார். போன வாரம் ஒரு சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கென்னவோ உதடு அசைந்த மாதிரி இருந்தது. ஆகவே படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும். இப்போது ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியாது, வராந்தாவில் மரம் இருக்கிறது. எந்த மரம் என்று தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளைக்காரத் தொரை ஓடிப்போன பிறகு பங்களாவில் வந்து குந்தியிருக்கும் ஜப்பான் கேப்டன், அலோர் ஸ்டாரில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்களே, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மரம் அது. தவுக்கே கொடுத்தாரா, இவராக எடுத்துக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். மரம் என்றால் முழங்கை உயரம்தான். தாம்பாளம் போல ஒரு சட்டி, அதன் நடுவே ஒரு கறுத்த கல், கல்லின் தலையில் மரம் ஏறி உட்கார்ந்துகொண்டு, கோழி கிளையைப் பிடிக்கிற மாதிரி வேர்களால் கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் சட்டி மண்ணுக்குள் விட்டிருக்கிறது. கன்றாக இருக்கும்போதே நீளமாக வளர்த்த வேரைக் கல்மேல் பரப்பிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் புதைத்துவிட்டு, வருஷா வருஷம் மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வருவார்களாம். கேப்டன் கையாலும் காலாலும் பேசிக் காட்டினார். ஒரு மரத்தை வளரவிடாமல் வளர்ப்பதற்கு இத்தனை பாடுபடுகிறவர் மனசில் என்னதான் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். மலாய்க்காரர்கள் வாசலில் வைக்கிற ஜாதிதான், வெள்ளைப்பூ காம்பு நீண்டு காதுத் தொங்கட்டான் போலத் தலைகீழாகத் தொங்கும்.

அவருக்குப் பினாங்கில் ஏதோ வேலை வந்தது. காலை வெயில் நன்றாக விழுவது கிராணி வீட்டு வராந்தாவில்தான் என்று கண்டுபிடித்து மரத்தை என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு வேளையும் தண்ணீர் தெளி, பாசி காயக்கூடாது, அடுத்த மாதக் கடைசியில் வருவேன், வரும்போது மரம் பூத்திருக்க வேண்டும் என்றார். "புங்கா அடா, பாகுஸ். புங்கா தாடா, சயாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பூ இருந்தால் நல்லது, பூ இல்லாவிட்டால் சயாம். சயாம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காட்டுக்குள் ரயில் தண்டவாளம் போட எங்கள் கூலிக்காரர் லயத்திலிருந்து லாரியில் ஏறினவர்களில் ஒருத்தர்கூட இன்னும் திரும்பவில்லை. செல்லாயி புருஷன் சின்னையா மாசி மாதம் ஏறினார், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரிகூட இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தே முட்டி தேய்ந்தவன், சயாமில் என்னை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மரத்தில் கொப்புக்குக் கொப்பு செப்புக் கம்பி சுற்றியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு முழம் கம்பி வைத்திருந்தவரை, ரேடியோ வைத்திருக்கிறாய் என்று இழுத்துக்கொண்டு போன காலம் இது. இவர் மட்டும் மரம் முழுக்கக் கம்பி கட்டலாமா. கேட்டால், கொப்பை வளைத்துப் பழக்குவதற்குக் கட்டியது என்கிறார். அதுமட்டுமல்ல, மரத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டாம், முகம் மாதிரி. அந்த முகம் எப்போதும் வீட்டு ஆட்கள் பக்கமே பார்த்திருக்க வேண்டும், திருப்பக்கூடாதாம். மச்சான், முகம் இருக்கிறதென்றால் காது மட்டும் இல்லாமலா போகும். சுவருக்கே காது உண்டு என்கிறார்கள். கல்லுக்குள் என்னவோ பொறி இருக்கிறது, நாங்கள் பேசுவதெல்லாம் கம்பி வழியாகப் பங்களாவுக்குப் போகிறது என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

ஆகையால் தினமும் விடிவதற்கு முன் குளித்து, மரத்தின் முன் கைகட்டித் தலைகுனிந்து நின்று, "ராஜாங்கம் நல்லபடி நடக்கிறது, அரிசி தாராளமாகக் கிடைக்கிறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் தெளிக்கிறேன். சாயங்காலமும் அப்படியே. உங்கள் தங்கையையும் சொல்லச் சொன்னேன். "அரிசியா? எங்கங்க இருக்கு அரிசி? மரவள்ளிக்கெழங்கத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு" என்று மரத்துக்கு நேராகவே சொன்னாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நான் மரத்திடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து சண்டை போடுவதானால் இருவரும் ஆட்டுக்கொட்டகைக்கு வந்துவிடுகிறோம். "மரத்துக்குப் பயந்துக்கிட்டு கொட்டாயில வந்து கோவிச்சுக்கிற ஆம்பளைய இப்பத்தாங்க பாக்கிறேன்" என்கிறாள். எங்களைக் கண்டால் ஆடுகளே எழுந்து வெளியே போய்விடுகின்றன.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஒருநாள் பார்த்தால் கல்லின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு, தொட்டால் குங்குமம். யாரோ யாருக்கோ வைத்த அடையாளம் என்று துடைத்தேன். மறுநாள் மஞ்சள். அதற்கப்புறம் கல்லைச் சுற்றி மஞ்சள் நூல், அளவெடுத்திருக்கிறார்கள். சட்டி ஓரத்தில் கரி படிந்து சூட வாசனை, கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். லயத்துப் பெண்கள் வேறு, ரப்பர் மரம் சீவப் போகும்போது எங்கள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள், வேவு பார்க்க இது ஒரு சாக்கு. செல்லாயி என்னிடமே வந்து, "கிராணி ஐயா, வெள்ளிக்கெழம ஏதாச்சும் விசேஷம் உண்டுங்களா?" என்று கேட்டாள். எந்த வெள்ளிக்கிழமை, என்ன விசேஷம், யார் கேட்கச் சொன்னது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்து இறங்கினீர்கள். தங்கையைப் பார்க்க வந்தவர் தங்கையோடு பேசாமல் சாயங்காலம் முழுக்க மரத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். "என்ன மாப்ளே, இந்த எலையில கசாயம் வைக்கலாம்லா? காய்ச்ச மாத்திரை இல்லாம சனங்க கடையில எந்த எலையக் கட்டி வச்சாலும் கேக்குறாங்கலா" என்றீர்கள். நான் கண்ணால் மரத்தைக் காட்டினேன், அது கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினீர்கள். நான் எழுந்து வந்து பார்க்கிறேன், மரத்தில் ஓர் இலை இல்லை. பழனிக்கு முடி கொடுத்த மாதிரி மொட்டையாக நிற்கிறது. மடியில் கனமில்லாதவர் ஏன் மச்சான் இருட்டோடு போகவேண்டும். மெர்கோங் லாரி அந்நேரத்துக்குத்தான் கிடைக்கும் என்று சண்முகவள்ளி உங்களுக்குப் பரிந்து பேசுகிறாள். "எங்கண்ணன் எடுக்கலங்க, எனக்குத் தெரியும்" என்கிறாள். எப்படித் தெரியும் என்றால் ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுகிறாள். அவளையும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன்.

எடுத்த இலையை ஒட்டவைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். எடுத்தேன் என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டு, அலோர் ஸ்டாரில் எந்தத் தவுக்கே வீட்டிலாவது இதே மாதிரி கல்லைக் கட்டிக்கொண்டு நிற்கும் பூத்த மரம் கிடைக்குமா என்று விசாரிக்கவும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம் மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டாலே ஆட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நான் போய்விட்டால் உங்கள் தங்கை இந்தக் காட்டில் யாரை வைத்துக்கொண்டு இருப்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி, அவர்கள் மேல் எனக்கு இதுவரை சந்தேகம் இல்லை. தங்களுக்கு நீண்ட ஆயுளும், குறையாத வியாபாரமும், கொஞ்சம் மனச்சாட்சியும் உண்டாக முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிய
பரஞ்சோதி

பின்குறிப்பு: முனியாண்டி காய்ச்சலில் படுத்துவிட்டதால் இந்தக் கடிதம் போகாமல் கிடந்தது. நல்லதாகப் போயிற்று. மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் இப்போது காகிதத்துக்கு எங்கே போவது. ஆகவே அப்படியே அனுப்புகிறேன், இதை முதலில் படித்ததாக வைத்துக்கொள்ளவும்.

மொட்டையாக நின்ற மரம் துளிர்த்தது. துளிரோடு மொட்டும் வந்தது. பிறகு கொப்பெல்லாம் வெள்ளையாகத் தொங்கி, லயம் வரைக்கும் வாசனை. நான் மரத்தின் முன்னால் நின்று அழுதேன், கேட்டால் கேட்கட்டும் என்று. கேப்டன் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று பங்களாவிலிருந்து ஆள் வந்து சொன்னான். அன்று காலை கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன், மரத்தில் ஒரு பூ இல்லை. அத்தனையும் சரமாகக் கட்டிக் கல்லின் கழுத்தில் கிடக்கிறது. குங்குமம், மஞ்சள், எரிகிற சூடம். செல்லாயியும் லயத்துப் பெண்களும் கைகூப்பி நிற்கிறார்கள். உங்கள் தங்கை குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு நிற்கிறாள். யார் செய்தது இது என்று கேட்டேன்.

"நாங்கதாங்க ஐயா" என்றாள் செல்லாயி. "வெடியுமுன்ன குளிச்சு முழுகி, கைகட்டி நின்னு குறையில்லேன்னு சொல்றீங்களே, காது கேக்கிற சாமியாத்தானே இருக்கணும். போன மாசம் எலையில அர்ச்சனை பண்ணோம். இப்ப பூவாக் குடுத்திருக்கு. சாமி குடுத்தத சாமிக்கே கட்டிட்டோம்." அத்தனை இலையையுமா உருவுவது என்றேன். "சயாமுக்குப் போனவங்க பேருக்கு ஆளுக்கொரு எலைங்க. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களையும் சேத்தோம், சரியா இருந்துச்சு" என்றாள். உங்கள் தங்கை என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியும்னு சொன்னேனே, நீங்க எங்க காதுல வாங்கினீங்க" என்றாள்.

அதற்குள் லாரி வந்து நின்றது. கேப்டன் நேராக மரத்திடம் வந்து, "புங்கா மானா?" என்றார். பூ எங்கே. நான் ஓரடி பின்வாங்கினேன். செல்லாயிதான், "சூடா காசி சாமி" என்று வானத்தையும் கல்லையும் காட்டினாள், சாமிக்குக் கொடுத்தாயிற்று என்று. அவர் கல்லைப் பார்த்தார், சரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் கைதட்டினார். சிப்பாய்களைக் கூப்பிடுகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் வரவில்லை. திறந்து பார்த்தால் அவர் தலைகுனிந்து நிற்கிறார். அவர்கள் ஊரிலும் கல்லையும் மரத்தையும் இப்படித்தான் கைதட்டிக் கும்பிடுவார்களாம். பிறகு ஒரு சின்ன வெட்டுக்குறடு எடுத்து, கொப்பு படிந்துவிட்டது, இனி வேண்டாம் என்று கம்பியை எல்லாம் வெட்டி எடுத்தார். இலையை உருவினால்தான் இந்த ஜாதி பூக்குமாம், சரியான சமயத்தில் செய்தாய் என்று என் முதுகில் தட்டினார். நான் மறுக்கவில்லை. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாம், மரம் இனி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அவர் போனபின் கல்லைத் தட்டிப் பார்த்தேன். கல்தான்.

எனக்குச் சயாம் இல்லை. ஆனால் அவர் ஏறிய அந்த லாரியிலேயே கீழ் லயத்துப் பழனியாண்டியையும் இன்னும் சில பேரையும் ஏற்றினார்கள். பழனியாண்டி பின்னால் நின்றுகொண்டு, ரோடு திரும்பும் வரைக்கும் எங்கள் வராந்தாவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

இப்போது வெள்ளிக்கிழமை அர்ச்சனையை நான்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மந்திரம் தெரியாது. பெண்கள் வந்து புருஷன் பேர், மகன் பேர், நட்சத்திரம் சொல்கிறார்கள், நான் அதைத் திருப்பிச் சொல்லி ஓர் இலையைப் போடுகிறேன். இது கேட்கிறது என்று முன்பு நான் ஒருத்தன் பயந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று இப்போது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அப்படியிருந்தும் சின்னையா பேரைச் சொல்லும்போது கொஞ்சம் உரக்கத்தான் சொல்கிறேன்.

அடுத்த லாரி மெர்கோங் பக்கம் ஆள் ஏற்ற வருகிறதாகக் கேள்வி. இது என் வழக்கமான சந்தேகம் இல்லை மச்சான், பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர் காதால் கேட்டுச் சொன்னது. பார்த்து இருந்துகொள்ளுங்கள். உங்கள் நட்சத்திரம் ரோகிணியா மிருகசீரிடமா என்று உங்கள் தங்கைக்குச் சரியாகத் தெரியவில்லை, முனியாண்டியிடம் சொல்லியனுப்பவும். தெரிகிற வரைக்கும் இரண்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.